கண்களுக்கு எந்தச் சேதமும் இல்லை

அன்று காலை ஏழே முக்காலுக்கு ரமீஸ் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்று நான்கு பேட்டரி கேட்டான். தீர்ந்த பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்பது எங்கள் சைட்டின் விதி. அவன் மூன்றுதான் கொடுத்தான்.

"இன்னொன்னு எங்கடா?"

"கேன்டீன்ல விழுந்திருச்சு மச்சான். உன் தங்கச்சி மேல சத்தியமா."

"என் தங்கச்சி மேல ஏன்டா பண்ற? உன் மேல பண்ணு."

"என் மேல பண்ணா நீயே நம்பமாட்டியே."

நான்கையும் கொடுத்தேன். லேசர் பெட்டியைத் தோளில் மாட்டி, மூன்று கால் ஸ்டாண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் லிஃப்ட் பக்கம் நடந்தான். அவன் கண்ணில் மாட்ட வேண்டிய சிவப்புக் கண்ணாடி மட்டும் ஜன்னல் பலகையிலேயே கிடந்தது. மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா, தெரியாது. கூப்பிட்டேன். திரும்பி வந்தான். நானே கண்ணாடியை அவனுக்கு மாட்டி, பின்மண்டையில் நாடாவை இழுத்து இறுக்கிவிட்டேன்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நீ எனக்கு இவ்வளவு செய்யல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

புக்கிட் பாஞ்சாங்கில் பதினெட்டு மாடிக் கட்டடம் எழுந்துகொண்டிருந்த சைட் அது. நான் முகமது யூசுப், அங்கே ஸ்டோர் கீப்பர். ரமீஸ் கூத்தாநல்லூரில் என்னோடு படித்தவன். பிறகு என் தங்கை ரஷீதாவைக் கட்டியவன். மட்டம் பார்ப்பது அவன் வேலை.

மட்டம் பார்ப்பதை நான் பலமுறை அருகில் நின்று கவனித்திருக்கிறேன். ஸ்டாண்டின் மூன்று கால்களையும் அகல விரித்து, ஒவ்வொன்றையும் பூட்ஸால் மிதித்துப் பார்ப்பான். மேலே லேசரைத் திருகி, குமிழி நடுவுக்கு வரும்வரை கால்களை ஏற்றி இறக்குவான். பிறகு பூட்டை விடுவிப்பான். உள்ளே தொங்கும் சின்னக் குண்டு ஆடி நின்றதும் நான்கு சுவரிலும் ஒரு சிவப்புக் கோடு ஓடும். தரை ஆடினால் கோடு மின்னத் தொடங்கும். அதனால் அவன் ஸ்டாண்டைப் பலகை மேல் வைக்கவே மாட்டான், வெறும் கான்கிரீட்டில்தான் வைப்பான். கோட்டின் மேல் பென்சிலால் குறிப்பான். அந்தக் கோட்டிலிருந்து டைல்ஸ்காரர்கள் கீழே அளப்பார்கள், சீலிங்காரர்கள் மேலே அளப்பார்கள். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் லேசரைத் திருப்பி வைத்து மறுபடி பார்ப்பான்.

லேசரின் முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர் உண்டு. ஒளியை உற்றுப் பார்க்காதே என்று அதில் எழுதியிருக்கும். மூன்று ஆண்டுகளாக ரமீஸ் அதைப் படித்து, உற்றுப் பார்க்காமல், வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த ஸ்டிக்கரை அம்பலவாணர் படித்தார்.

அம்பலவாணர் எங்கள் சைட்டின் பாதுகாப்புக் குழுத் தலைவர். நல்ல தமிழ் பேசுவார். காத்தோங் கோயிலில் விழா நடந்தால் வரவேற்புரை அவருடையதுதான் என்று சொல்வார்கள். ஸ்டிக்கரைப் படித்த வாரமே அவர் தலைமையில் ஏழு பேர் கொண்ட லேசர் பாதுகாப்புத் துணைக்குழு அமைந்தது. ஏழு பேரில் ஒருவரும் லேசரைப் பார்த்ததில்லை. முதல் கூட்டத்துக்குக் கருவியைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டு போனேன். கூட்ட அறை லேசருக்கு அனுமதிக்கப்பட்ட இடம் அல்ல என்று வாசலிலேயே நிறுத்தி, பெட்டியை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கண்ணாடி இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்கு முன் எல்லோரையும் நிறுத்திப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், நூற்றெண்பது பேர் ஹெல்மெட்டோடு வெயிலில் நிற்க, அம்பலவாணர் மேடையேறினார்.

"அன்புத் தொழிலாளத் தோழர்களே! மனிதனுக்குக் கண்கள் இரண்டு. ஒன்று போனால் மிஞ்சுவது ஒன்று. நான் இருபத்தொன்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு விபத்து நேர்ந்ததில்லை. காரணம் என்ன? நான் தேவையில்லாமல் மாடிகளுக்குப் போவதில்லை. நீங்கள் போகிறீர்கள். ஆகவே உங்களுக்குக் கண்ணாடி."

கைதட்டினோம். பக்கத்தில் நின்ற ரமீஸ் மெதுவாகக் கேட்டான், "மச்சான், அந்தக் கண்ணாடி கோடு தெரியறதுக்குத்தானடா?"

"பேசாம தட்டு," என்றேன்.

இருநூறு கண்ணாடிகள் வந்து இறங்கின. லேசர் வேலை நடக்கும் மாடிகளில் லிஃப்டை விட்டு இறங்கும் எவரும் அதை அணிய வேண்டும்: டைல்ஸ்காரர், பெயிண்டர், பெருக்கும் அம்மா, எல்லோரும். அணியாதவருக்கு மஞ்சள் அட்டை. மூன்று அட்டை விழுந்தால் வேலை அனுமதி ரத்தாகி ஊருக்கு விமானம். அட்டை கொடுக்கும் பொறுப்பு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் சுதாவுக்கு. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்; முப்பது வயதிருக்கும்; கெட்டவள் அல்ல.

முதலில் பெயிண்டர்கள் மாட்டினார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு வீடு முழுவதும் ரோஜா நிறம் அடித்துவிட்டார்கள். தவறான டப்பா, சிவப்புக் கண்ணாடி வழியாக வெள்ளையும் ரோஜாவும் ஒன்றுதான். குழு வந்து பார்வையிட்டது. குழுவும் கண்ணாடி அணிந்திருந்ததால் வெள்ளை நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது. அடுத்தது குறைகள். சுவரில் விரிசலோ கீறலோ இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம். அந்த மாதம் கண்ணாடி மாட்டி ஆய்வுக்கு வந்தவர்கள் வெள்ளைச் சுவர்களில் ஒரு ஸ்டிக்கரையும் பார்க்கவில்லை. குறையே இல்லாத சைட் என்று எங்களுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. அம்பலவாணர் அதை வாங்கிக்கொண்டு, "இது கண்ணாடியின் வெற்றி," என்றார். அவர் சொன்னவற்றில் முழு உண்மை என்று எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ரமீஸும் நம்மூர்க்காரர்கள் கூடும் தேக்காவுக்குப் போவோம். சாப்பிட்டுவிட்டு, ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்து ரஷீதாவுக்கு வீடியோ அழைப்புப் போடுவோம். ஒரு ஞாயிறு அவன் கண்ணாடியைப் பையில் கொண்டுவந்து, மாட்டிக்கொண்டு பேசினான்.

"அண்ணே, இது என்ன கோலம்? உன் கூட்டாளிக்குக் கண்ணுவலியா?" என்றாள் ரஷீதா.

"கண்ணுக்குக் காப்பு போட்டிருக்காங்கம்மா," என்றேன்.

"இதைப் போட்டா நீ கட்டியிருக்கிற சிவப்புப் புடவையே தெரியல," என்றான் ரமீஸ்.

"வாங்கிக் கொடுத்தவங்க மறக்காம இருந்தாச் சரி."

அன்றைக்குத்தான் அந்தக் கண்ணாடியின் உறையை நான் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை, அதன் அடியில் பல மொழிகளில் பொடி எழுத்து. தமிழ் இல்லை. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இது கண்ணைக் காக்கும் கண்ணாடி அல்ல. ஒளிக்கோட்டைத் தெளிவாகப் பார்க்க உதவுவது மட்டுமே. நிறங்களைப் பிரித்தறியும் வேலைகளில் அணியக் கூடாது.

திங்கட்கிழமை உறையைச் சுதாவிடம் காட்டினேன். படித்துவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அண்ணே. திஸ் ஒன் நான் டிசைட் பண்ண முடியாது லா. நீங்க சஜெஷன் ஃபார்ம் போடுங்க."

போட்டேன். ஐந்து வாரம் கழித்துக் குழு என்னைக் கூப்பிட்டது. உறை கைமாறிக் கைமாறி ஏழு பேரிடமும் போய் வந்தது. அம்பலவாணர் என்னை உட்காரச் சொன்னார். அதற்குமுன் எந்தக் கூட்டத்திலும் யாரும் எனக்கு நாற்காலி காட்டியதில்லை.

"யூசுப், உங்கள் வாசிப்புப் பழக்கத்தைக் குழு மனமாரப் பாராட்டுகிறது. ஆனால் சற்றே சிந்தியுங்கள். இந்தக் கண்ணாடி பாதுகாக்காது என்று ஒரு தொழிலாளி படித்துவிட்டால் என்ன ஆகும்? அவன் அதை அணிய மாட்டான். அணியாவிட்டால் அவனுக்குப் பாதுகாப்பு ஏது? ஆகவே ஆபத்து கண்ணாடியில் இல்லை, உறையில் இருக்கிறது."

உறைகளை அகற்றிய பிறகே கண்ணாடிகளை வழங்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அகற்ற வேண்டியவர் ஸ்டோர் கீப்பர். கண்ணாடிகளையெல்லாம் திரும்ப வாங்கி, இருநூறு உறைகளையும் நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவினேன். ஒரு முழு நாள் ஆனது. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ரமீஸுக்கு முதல் அட்டை விழுந்தது பென்சில் குறி தெரியவில்லை என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபோது. இரண்டாவது, கண்ணாடியை ஹெல்மெட் மேல் வைத்துக்கொண்டு குமிழியைப் பார்த்தபோது. சுதா அட்டையை நீட்டினாள். அவன் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தான்.

"மேடம், மஞ்சள் அட்டைன்னீங்க. வெள்ளையாத்தானே இருக்கு?"

"ஜோக் போதும் ரமீஸ். இன்னும் ஒண்ணுதான். அப்புறம் நான் நினைச்சாலும் ஹெல்ப் பண்ண முடியாது."

ஏற்றிவிடும் பழக்கத்தை ஒழிக்கக் குழு கண்ணாடிகளுக்குப் பின்னால் நாடா வைத்துக் கட்டியது. அவனை ஊருக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அன்று காலை அந்த நாடாவை நான் இழுத்து இறுக்கினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடிகளில் குழாய்கள் மேலே போக ஆள் நுழையும் அளவுக்குத் துளை விட்டிருப்பார்கள். அதன் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்த ப்ளைவுட் பலகை வைத்து, சிவப்பு எழுத்தில் நான்கு மொழிகளில் 'துளை, எடுக்காதே' என்று எழுதி, நான்கு மூலையிலும் ஆணி அடிப்பார்கள். சைட்டில் பலகைகள் எங்கும் கிடக்கும். கண்ணாடியில் சிவப்பு எழுத்து மறைந்துபோன பிறகு ரமீஸ் தனக்கென ஒரு வழி வைத்திருந்தான். ஆணி இருந்தால் அது துளை. ஆணி இல்லாவிட்டால் அது வெறும் பலகை.

ரமீஸ் நான்கு பேட்டரி கேட்டு வந்த நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்தார். பத்தாம் மாடியில் ஆணித் தலை ஒன்று அவருடைய காலணியை உரசிவிட்டது. சனிக்கிழமை எல்லாப் பலகைகளிலும் ஆணிகளைப் பிடுங்கி, ஓரங்களில் டேப் ஒட்டினார்கள். டேப் சிவப்பு.

அன்று பதினோராம் மாடியில் நடந்ததைப் பார்த்தவர் ஒரு டைல்ஸ்காரர். ரமீஸ் மூன்று சுவர்களை முடித்துவிட்டு நான்காவதுக்காக லேசரை நகர்த்தினான். ஸ்டாண்டை வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பலகை கிடந்தது. பலகை மேல் வைத்தால் கோடு ஆடும். குனிந்து நான்கு பக்கமும் ஆணியைத் தடவிப் பார்த்தான். ஆணி இல்லை. பலகையை இரண்டு கையாலும் தூக்கி, முன்னால் பிடித்துக்கொண்டு, ஓரமாக வைக்க ஓர் அடி எடுத்து வைத்தான்.

குழாய் வேலைக்காகக் கீழ் மாடித் துளைகள் திறந்திருந்தன; எட்டாம் மாடியில் குழாய்க்காரர்கள் குறுக்கே போட்டிருந்த பலகைத் தட்டில் கிடந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி அவன் முகத்தில் நேராக இருந்தது. நாடா நழுவவேயில்லை.

வெளியிலிருந்து வந்தவர்களின் விசாரணை தனி. அதில் நடந்தது எனக்குத் தெரியாது, அதனால் இங்கே எழுதவில்லை. குழு தன்னுடைய விசாரணையை ஒன்பதாம் நாள் வைத்தது. எழுவரும் சுதாவும் சம்பவ இடத்தைப் பார்வையிட வந்தார்கள். அம்பலவாணர் பதினோராம் மாடிக்கு வந்தது அதுவே முதல்முறை. உறவினர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். லிஃப்ட் வாசலில் எட்டுப் பேருக்கும் கண்ணாடியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். எட்டுப் பேரும் அதன் முன்னால் நின்றார்கள்.

"எச்சரிக்கை வாசகம் இருந்ததாகக் கோப்பில் உள்ளதே?" என்றார் அம்பலவாணர்.

"இருக்கு சார். உங்க முன்னாலதான் இருக்கு," என்றேன்.

அவர் பலகைக்கு இன்னும் கிட்டே போனார். பிறகு அதைத் திருப்பச் சொல்லி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சார், கண்ணாடியைக் கழட்டிப் பாருங்க. ஒரு நிமிஷம் போதும்."

"யூசுப், உங்கள் துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விபத்து நடந்த இடத்திலேயே விதியை மீறச் சொல்கிறீர்கள். இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதையா இது?"

மற்ற ஆறு பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள். நான் சுதாவைப் பார்த்தேன். அவள் எல்லோருக்கும் பின்னால் நின்று, வியர்வையைத் துடைப்பதுபோல் நாடாவைத் தூக்கிக் கண்ணாடியை விலக்கினாள். பலகையைப் பார்த்தாள். கண்ணாடியை உடனே இறக்கிவிட்டாள்.

கீழே இறங்கியதும் ஸ்டோருக்கு வந்தாள்.

"நான் பார்த்தேன் அண்ணே. பெருசா, நாலு லாங்குவேஜ்லயும் இருக்கு. மாட்டினா ஒண்ணுமே இல்ல. வெறும் பலகை."

"அதை எழுதுங்க மேடம். அது போதும் எனக்கு."

"எப்படி எழுதறது? பார்த்தேன்னு எழுதினா, கழட்டினேன்னு ஆகும். கழட்டினதுக்கு அட்டை கொடுக்க வேண்டியது நான்தான்." கொஞ்சம் நின்று, "எனக்கே நான் கொடுக்கணும் லா," என்று சொல்லி அழுதாள். அழுதுவிட்டுப் போய்விட்டாள்.

அறிக்கையை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அம்பலவாணரே வாசித்தார்.

"அமரர் ரமீஸ் விபத்தின்போது விதிப்படி கண்ணாடி அணிந்திருந்தார். நாடா சரியாக இறுக்கப்பட்டிருந்தது. அவருடைய கண்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. லேசரால் அவருக்கு எள்ளளவும் தீங்கு நேரவில்லை. நம்முடைய ஏற்பாடு முழு வெற்றி பெற்றிருக்கிறது என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். விபத்துக்கான காரணம்: கவனக்குறைவு. பரிந்துரை: பலகைகளில் எழுத்தை இரு மடங்கு பெரிதாக, மேலும் அழுத்தமான சிவப்பில் எழுத வேண்டும்."

யாரோ பழக்கத்தில் கைதட்டத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேனா என்று நினைவில்லை.

ரஷீதாவுக்கு அன்று மாலையே சொன்னேன். கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"அவங்களா? மில்லிமீட்டர் பார்க்கிற கண்ணுண்ணே அது. இங்க வீட்டுல சாமிநாதன் கொத்தனார் போட்ட நிலைப்படி சாய்ஞ்சிருக்குன்னு வாசல்ல நின்னே சொன்னாங்க. நீ அதுல கையெழுத்துப் போட்டுடாத. நாளைக்கு நஸீஹா பெரியவளாகி அதைப் படிப்பா. அவ அப்பா பார்க்காம நடந்தாருன்னு படிக்கக் கூடாது."

போடமாட்டேன் என்றேன். பிறகு, நாடாவை இறுக்கியது நான்தான் என்பதையும் சொன்னேன். அழைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் தளர்வாக் கட்டியிருக்கக் கூடாதாண்ணே," என்றாள்.

அந்தக் கையெழுத்துக்குக் குழுவினர் இரண்டு வாரத்தில் வந்தார்கள். எங்கள் சைட் வாசலில் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் இருக்கிறது. காலையில் முகம் காட்டி உள்ளே போக வேண்டும். மாலையில் முகம் காட்டி வெளியே வர வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று திரையில் எண் ஓடும். பூஜ்யம் ஆகாமல் வாசலைப் பூட்டக் கூடாது. ரமீஸை ஆம்புலன்ஸ் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனது. அவன் முகம் காட்டவில்லை. அதனால் மாலைதோறும் எல்லோரும் போன பிறகும் ஓர் ஆள் உள்ளே இருந்தார். விதிப்படி இரண்டு காவலாளிகள் பதினெட்டு மாடியும் ஏறி, சிவப்புக் கண்ணாடி அணிந்து, ஒவ்வோர் அறையாகத் தேடி, யாரும் இல்லை என்று எழுதி, கைப்பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அம்பலவாணர் படிவத்தோடு தானே ஸ்டோருக்கு வந்தார். சுதா பின்னால் நின்றாள்.

"ஒரு சிறு நடைமுறை, யூசுப். சைட்டில் உள்ள உறவினர் கையெழுத்திட்டால் பதிவிலிருந்து அவரை வெளியேற்றிவிடலாம். காரணம் மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்."

நான்கு காரணங்கள் அச்சிட்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தது. விடுப்பு. ஊர் திரும்பினார். நான்காவதைக் குழு புதிதாகச் சேர்த்திருந்தது: கவனக்குறைவு.

"அஞ்சாவதா ஒண்ணு போடுங்க சார். எழுத்து தெரியலன்னு போடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"எழுத்து தெரியவில்லை என்பதற்கு ஆதாரம் இல்லையே. எழுத்தே இல்லை என்றல்லவா எழுவரும் நேரில் கண்டோம்?" என்றார். மிகுந்த பரிவோடுதான் சொன்னார். "கீழே வேலை செய்பவர்களையும் எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு காவலாளிகள் தினமும் பதினெட்டு மாடி ஏறுகிறார்கள். இறந்தவர் ஒருவர், மூட்டு வலி இரண்டு பேருக்கு."

சுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவை மூடி, படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஸ்டோர் விதிப்படி, திருப்பிக் கொடுத்ததற்கு அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் மூன்று முறை திரும்ப வந்தார்கள். படிவத்தில் நான்கு காரணங்கள்தான் இருந்தன. கட்டடம் இப்போது பதினாறாம் மாடி வரை டைல்ஸ் முடிந்துவிட்டது. மாலை ஏழு மணிக்கு நான் கடைசியாக முகம் காட்டி வெளியே வரும்போது வாசல் திரையைப் பார்க்கிறேன். உள்ளே இருப்பவர்: 1.